மன்னன் தின்ற மரவள்ளி

கொல்லிமலையில் மழை பொய்க்கலாம், மிளகு பொய்க்கலாம். நாவலாசிரியர் சென்றாயனின் ரசனை மட்டும் பொய்த்ததே இல்லை. எந்த நூலையும் முதலில் உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பார். பிறகு முதல் பக்கம், கடைசிப் பக்கம். நடுவில் இருப்பதெல்லாம் அச்சகத்தார் பிழைப்புக்கு என்பது அவருடைய ‘இலக்கியக் கொள்கை’.

அதே மலையின் அரியூர் நாட்டுச் சுமித்ரா, தையல் வேலைக்கு நடுவே ஆறு வருஷம் எழுதிய சரித்திர நாவலை 1999இல் அவரிடம் கொண்டுபோனாள். சென்றாயன் முன்னுரை தந்தால்தான் அச்சேற்றுவேன் என்று சேலத்துப் பதிப்பாளர் சொல்லியிருந்தார்.

அதிசயமாக அன்று நடுவிலும் ஒரு பக்கம் புரட்டினார். ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முந்தைய மலைமன்னன் சாமைச்சோறு தின்றுகொண்டிருந்தான். நாவலாசிரியரின் முகம் வாடியது.

“மரவள்ளி எங்க கண்ணு? மலை பூரா கெழங்குதான் வெளையுது. மன்னன் வாயில ஒரு துண்டு போகலியே.”

“அது ரொம்பப் பின்னால கப்பல்ல வந்த கெழங்குங்க. அந்தக் காலத்துல இல்லீங்க.”

“கப்பல் மலையேறுமா?”

இந்த ‘ஆதார’த்தோடு விவாதம் முடிந்தது. கிழங்கு இல்லையேல் முன்னுரையும் இல்லை என்று அவர் கனிவோடு தெரிவித்தார். ஒரு வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு பதினாறு இடங்களில் சாமையைப் பிடுங்கிவிட்டுக் கிழங்கு நட்டாள். பட்டாபிஷேக விருந்திலும் வேகவைத்த கிழங்கு பரிமாறப்பட்டது.

முன்னுரை வந்தது; நூலும் வந்தது. கூடவே, அந்தக் காலத்தில் ஏது மரவள்ளி என்று நாமக்கல் வரலாற்று வாத்தியார் ஒருவர் பத்திரிகைக்குப் போட்ட கடிதமும் வந்தது.

செம்மேட்டில் விமர்சனக் கூட்டம். தலைமை, சென்றாயன். கனத்த மனத்தோடு எழுந்தார்.

“ஏமாந்துட்டேனுங்க. சரித்திரம் தெரியாதவங்க சரித்திரம் எழுதலாமுங்களா?”

கூட்டம் சிரித்தது. இனி இவள் எழுத்தை அச்சடிப்பதில்லை என்று பதிப்பாளர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொன்னது சுமித்ரா காதில் விழுந்தது. கூட்டத்தில் வாய் திறந்தே அறியாதவள் எழுந்து நின்று, நூலை விரித்துப் படித்தாள்.

“‘கிழங்கு மணக்கும் இக்காவியத்தில் பிழையென்று ஓர் எழுத்தும் இல்லை.’ இது நீங்க எழுதினதுதானுங்களே?”

சென்றாயன் கலங்கவில்லை. “அது முன்னுரை கண்ணு. இது விமர்சனம். முன்னுரை எழுதறப்ப நூலைப் படிக்கற வழக்கம் எனக்கில்லை.”

இந்த நேர்மைக்குக் கைதட்டல் எழுந்தது. தலைவருக்கு ஒரு தட்டு வெந்த கிழங்கும் வந்தது. மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

சென்றாயனின் ரசனையில் இன்றுவரை ஒரு பிழையும் இல்லை. இருந்த பிழையெல்லாம் சுமித்ரா பேரில் அச்சாகியிருக்கிறது.