யோகா சொல்லிக்கொடுக்கப் போய்க் காவடி எடுத்த கதை

பிள்ளைகளை அமைதியாக உட்காரவைக்க ஆயிரம் வழி சொல்பவர்கள் யார் என்று விசாரித்துப் பாருங்கள். பாதிப் பேருக்குக் கல்யாணமே ஆகியிருக்காது. இது தெரியாமல் அவர்களில் ஒருவர் பேச்சைக் கேட்டு நான் பட்ட பாட்டைத்தான் சொல்லப்போகிறேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் என்னதான் நடந்தது என்பது எனக்கு இன்றுவரை சரியாகப் புரியவில்லை. கடைசிவரை படித்துவிட்டு உங்களுக்குப் புரிந்தால் சொல்லுங்கள்.

திருத்தணியில் மலையடிவாரத்தில் ஒரு மாடி வீட்டில் நாங்கள் குடியிருக்கிறோம். நான், மனைவி சுமதி, மகள் மதி, மகன் தருண். மதிக்கு எட்டு வயது, தருணுக்கு ஐந்து. இரண்டும் நடந்து நான் பார்த்ததில்லை. ஓடும், குதிக்கும், விழும், மறுபடி ஓடும். நான் பள்ளிப்பட்டில் கணக்கு வாத்தியார். ஐம்பது பிள்ளைகள் உள்ள வகுப்பை ஒரு முறைப்பில் அடக்கிவிடுவேன். (வீட்டில் அதே முறைப்பைக் காட்டினால், "அப்பாவுக்கு வயித்து வலியா?" என்று கேட்பார்கள்.)

கீழ்வீட்டில் வீட்டுக்காரம்மா சரோஜம்மா. அவருக்கு ரத்தக் கொதிப்பு. தலைக்கு மேல் தடதடவென்று சத்தம் கேட்டால் மாத்திரை வேலை செய்வதில்லை என்பது அவர் வாதம். முதலில் துடைப்பக்கட்டையால் கூரையைத் தட்டினார். பிறகு மேலே ஏறி வந்தே திட்டினார். அந்த ஆடி மாதம் பிறந்ததும் என்னை வாசலில் நிறுத்தி முடிவாகச் சொல்லிவிட்டார்: "கிருத்திகை வரைக்கும் பாப்பேன் நைனா. அப்புறமும் இதே மாதிரி குதிச்சிகினு இருந்தா, வேற வூடு பாத்துக்க."

வேறு வீடு என்று வாயால் சொல்வது சுலபம். தெருமுனையிலேயே பள்ளிக்கூடம், கோடையிலும் வற்றாத கிணறு. இப்படி ஒரு வீடு எங்கள் ஊரில் இன்னொரு முறை அமையாது. சுமதி அழாத குறை. எப்படியாவது பிள்ளைகளை அடக்குவது உன் பொறுப்பு என்று என் தலையில் கட்டிவிட்டாள்.

அப்போதுதான் போனில் அந்த வீடியோ கண்ணில் பட்டது. குழந்தைகளுக்கு வீட்டிலேயே எளிய யோகா. மஞ்சள் விரிப்பில் ஒரு அம்மாள் சாந்தமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் யார் வீட்டுப் பிள்ளைகளோ பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். குளித்துவிட்டு உட்கார வேண்டுமாம். அறையில் நறுமணம் இருக்க வேண்டுமாம். கண்ணை மூடி, காதைப் பொத்தி, வண்டு மாதிரி 'ம்ம்ம்' என்று மூச்சு விட்டால் மனம் அடங்கிவிடுமாம். அன்று சாயங்காலமே ஆரம்பித்துவிட்டேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது சும்மாவா?

சுமதி கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். பிள்ளைகளைக் குளிக்கவைத்துத் திருநீறு பூசினேன். மஞ்சள் விரிப்புக்கு எங்கே போவது? பீரோவில் இருந்த பழைய மஞ்சள் வேட்டியை விரித்தேன். நறுமணத்துக்கு ஊதுபத்தி போதாது என்று சாம்பிராணியும் போட்டேன். (கொசுவும் போகுமே என்ற கணக்கு. வாத்தியார் புத்தி.) புகை தாங்காமல் கதவைத் திறந்துவைத்தேன். முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்று நானே முதலில் பத்மாசனம் போட்டேன். கையால் பிடித்து இழுத்துத்தான் கால்களை மடக்க முடிந்தது. அவிழ்ப்பது எப்படி என்று அப்போது யோசிக்கவில்லை.

"நான் சொல்ற வரைக்கும் கண்ணைத் திறக்கக் கூடாது. யார் வந்தாலும் திறக்கக் கூடாது," என்று கண்டிப்பாகச் சொன்னேன். ஆச்சரியம், இரண்டும் கண்ணை மூடின. 'ம்ம்ம்' என்று ஆரம்பித்தன. வீட்டில் வேறு சத்தமே இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பெருமை இரண்டு நிமிடம்கூட நிற்கவில்லை. தெருவில் ஒரு காவடிக் கூட்டம் பம்பை அடித்துக்கொண்டு வந்து, எங்கள் வீட்டு வாசலிலேயே நின்றது. பம்பைச் சத்தம் கேட்டு எங்கள் ஊரில் ஆடாத உடம்பு உண்டா? மதி ஆட ஆரம்பித்தாள். தருணும் ஆடினான். போதாததற்கு அவனுக்குக் கால் மரத்துப்போய் உடம்பு வெடவெடவென்று நடுங்க ஆரம்பித்துவிட்டது. 'ம்ம்ம்' என்பது 'ஹூம்ம்ம்' என்று ஏறியது.

வழக்கமான சத்தம் இல்லாததால் சந்தேகப்பட்டு சரோஜம்மா அந்த நேரம் பார்த்து மாடி ஏறி வந்தார். வாசலில் நின்று பார்த்தார். சாம்பிராணிப் புகை, திருநீறு, மஞ்சள் வேட்டி, பம்பை, கண் மூடி ஆடும் இரண்டு பிள்ளைகள். அவர் என்ன நினைத்திருப்பார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒருவருக்கு உடம்பு நடுங்கினால் மற்ற ஊர்களில் டாக்டரைத் தேடுவார்கள். ஆடி மாதத்துத் திருத்தணியில் எலுமிச்சம்பழத்தைத் தேடுவார்கள்.

"முருகா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். நான், இது யோகாம்மா என்றேன். "நீ பேசாத நைனா. சாமி வந்துகீது," என்று என் வாயை அடைத்துவிட்டார். எழுந்து தடுக்கலாம் என்று பார்த்தால் என் கால் இரண்டும் பூட்டிக்கொண்டு வர மறுக்கின்றன. உட்கார்ந்த இடத்திலேயே முழித்தேன்.

சரோஜம்மா கற்பூரத்தை ஏற்றிக்கொண்டு தருண் முன்னால் மண்டியிட்டார். சாமி வந்தவரிடம் முதலில் என்ன கேட்பார்களோ அதைக் கேட்டார். "இன்னா கொற உனக்கு? சொல்லு சாமி."

கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று வளர்த்த பிள்ளை. கண்ணைத் திறக்காமலே சொன்னான்: "ஓனரம்மா திட்டிகினே கீறாங்க. ஓட வுட மாட்றாங்க."

வீடு போயிற்று, கிணறு போயிற்று என்று முடிவு கட்டினேன். ஆனால் சரோஜம்மா பொலபொலவென்று அழுதுவிட்டார். "தப்புதான் சாமி. உன்னியவா திட்டினேன்? ஓடு சாமி. நீ ஓடத்தான் இந்த வூடு," என்று கும்பிட்டார். வேறென்ன வேண்டும் என்றார். ஜவ்வரிசிப் பாயசம் என்றது சாமி. முந்திரி போட்டா என்று கேட்டார். ஆங் என்றது சாமி.

இந்த இடத்தில் எந்த ஒழுக்கமான மனிதனும் உண்மையைச் சொல்லியிருப்பான். நான் சொல்லவில்லை. வீடு தப்பித்துவிட்டது, வாயைக் கொடுப்பானேன் என்று பக்தியோடு கையைக் கூப்பிக்கொண்டேன். அதற்குள் சரோஜம்மா அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

"வேற யாரு மேலனா கோவமா சாமி?"

"அப்பா மேல," என்றான் தருண்.

போன மாதம் மலைக்குப் போனபோது படியேறி ஓடிப்போகலாம் என்று இவன் கேட்டான். நான் என் தொப்பையை உத்தேசித்து ஆட்டோ பிடித்தேன். அந்தக் கோபம் அப்படியே மனதில் இருந்திருக்கிறது. அப்பா இனிமேல் படியேறித்தான் வர வேண்டும், ஆட்டோ கூடாது என்றான். "காவடி எடுத்துகினா சாமி?" என்று சரோஜம்மா எடுத்துக்கொடுத்தார். காவடியில் மயிலிறகு இருக்கும். மயிலிறகு என்றால் தருணுக்கு உயிர். பலமாக ஆங் என்றான்.

பதறிப்போய், "கண்ணைத் திறங்கடா!" என்று கத்தினேன். இரண்டும் உடனே திறந்தன. வாசலில் கூடிவிட்ட அக்கம்பக்கத்தார், "சாமி மலையேறிடுச்சி," என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் சொன்னதும் சாமி கேட்டதால் என் காலிலும் எங்கள் பால்காரர் விழுந்தார். கைநிறையக் காய்கறியோடு திரும்பிய சுமதி, பத்மாசனத்தில் சிக்கிக்கொண்ட புருஷனையும் அவன் காலில் கிடந்த பால்காரரையும் மாறி மாறிப் பார்த்தாள். நேராகச் சமையலறைக்குப் போய்விட்டாள். அப்புறம் என் கால்களைப் பிரிக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

ஆடிக் கிருத்திகையன்று அதே மஞ்சள் வேட்டியைக் கட்டிக்கொண்டு, காவடியைத் தோளில் வைத்து, படிப்படியாக நின்று நின்று ஏறினேன். என் மாணவர்கள் நாலு பேர் பின்னாலேயே வந்து, நான் மூச்சு வாங்க நிற்கும்போதெல்லாம் பரீட்சைக்குப் பழி தீர்ப்பதுபோல 'அரோகரா' போட்டார்கள். ரத்தக் கொதிப்புக்காரரான சரோஜம்மா, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் குடுகுடுவென்று ஏறிப்போனார். எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

அன்று கேட்டது ஓனரம்மா குரல் என்று தெரிந்துதான் சொன்னாயா என்று தருணிடம் பலமுறை கேட்டுவிட்டேன். "நீங்கதானே கண்ணைத் திறக்கக் கூடாதுன்னு சொன்னீங்க?" என்பதோடு சரி. நடித்தானா, தூங்கிவிட்டானா, இல்லை நிஜமாகவே ஏதோ வந்து போனதா? கணக்கு வாத்தியாருக்கு விடை கிடைக்கவில்லை.

இப்போது பிள்ளைகள் முன்னைவிட அதிகமாக ஓடுகிறார்கள். கிருத்திகை தவறாமல் முந்திரி போட்ட பாயசம் மாடிக்கு வருகிறது. நான் அலுப்பில் கொஞ்சம் கண்ணை மூடினால் போதும், சுமதி கரண்டியோடு வந்து, "என்ன குறை சாமி?" என்கிறாள். சொந்தக்காரர்கள் கல்யாணத்தில் பார்த்தாலும் அதையே கேட்கிறார்கள்.

போன வாரம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். சத்தம் பொறுக்க முடியாமல், ஒரு இடத்தில் உட்காருங்கள் என்று பிள்ளைகளைப் பார்த்துக் கத்திவிட்டேன். கீழே இருந்து துடைப்பக்கட்டை தட்டும் சத்தம் கேட்டது. எவ்வளவு காலமாயிற்று அதைக் கேட்டு! எட்டிப் பார்த்தேன். சரோஜம்மா முற்றத்தில் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார்.

"இந்த மாதிரி கத்திகினு இருந்தா, நீ வேற வூடு பாத்துக்க நைனா. புள்ளைங்க இங்கயே இருக்கட்டும்."