மூணு வேளை படிக்க மறுத்த கையெழுத்து

காஞ்சிபுரத்தில் தலையெழுத்தைப் படிக்கத் தெருவுக்கொரு ஜோசியர் இருந்தார். டாக்டர் எழுத்தைப் படிக்க ஊருக்கே ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஏதோ இருந்திருக்க வேண்டும். ஊருக்கு அவர் ‘மூணு வேளை’.

மருந்து கொடுத்துக் கொடுத்து அவருக்கு உலகமே சீசாவில் அடைத்த மருந்தாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. பெண்டாட்டி சண்டை போடுகிறாள் என்று யாராவது அழுதால், “ஒடனே பதில் பேசாதபா. சாப்பாட்டுக்கு அப்பறம் அரை மணி கழிச்சிப் பேசு. மூணு நாள்ல கொணமாவலன்னா திரும்ப வா” என்பார். ஒரு கல்யாணத்தில் மணமக்களை வாழ்த்தச் சொன்னபோது, “சந்தோஷத்த வெயில் படாத எடத்துல வெச்சிக்குங்க” என்றார்.

எழுபதுகளின் தொடக்கம் அது. அந்த ஆஸ்பத்திரியில் நாங்கள் பதினோரு ரெசிடென்ட் டாக்டர்கள். அங்கேயே தங்கி, அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே தூங்காமல் இருப்பது எங்கள் வேலை. ஆஸ்பத்திரியை நடத்திய டிரஸ்டின் செகரட்டரி ஒரு பட்டுப் புடவைக் கடை முதலாளி. தங்கமான மனிதர்தான், லீவு என்ற சொல் காதில் விழாதவரை.

மூன்று நாள் சேர்ந்தாற்போல் டூட்டி பார்த்த என் அறைத் தோழன் ஒரு காலை ஓ.பி.யில், முசரவாக்கத்திலிருந்து சளியோடு வந்த ஒரு பெரியவர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தான். வைத்தபடியே தூங்கிவிட்டான். பெரியவர் அசையவில்லை. “இன்னாச்சி?” என்று கேட்ட மனைவியையும் அடக்கினார். “சும்மா இரு. டாக்டரு உத்துக் கேட்டுக்கினு இருக்காரு. எனக்கு இன்னாவோ பெருசா இருக்குது.” கால் மணி கழித்து அவன் விழித்தபோது, சளியோடு வந்தவருக்குப் படபடப்பும் சேர்ந்திருந்தது.

இதைப் பார்த்த மூணு வேளை எங்களை மருந்து ஜன்னலுக்கு வரச்சொன்னார்.

“டாக்டரே, இந்த ஊர்ல தறிக்கே அமாவாசைக்கு லீவு உண்டு. நூலுக்குக் குடுக்கற மரியாத ஒங்க நரம்புக்கு இல்லியா? சங்கம் வைங்க.”

“செகரட்டரி ஒத்துக்க மாட்டாரே?”

“கசக்கத்தான் செய்யும். விடாம குடுங்க.”

எக்ஸ்ரே அறையில் கூடினோம். கும்மிருட்டில் கை தூக்கச் சொன்னதால் எல்லாத் தீர்மானமும் ஏகமனதாக நிறைவேறியது. என்னைத் தலைவனாக்கியதும் அந்த இருட்டுதான். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, சங்கத்துக்கு அங்கீகாரம் என்று மனு எழுதினோம். இரண்டு பேர் பயந்து ஒதுங்க, ஒன்பது பேர் கையெழுத்திட்டோம். முதல் கையெழுத்து என்னுடையது.

போட்டபின்தான் ஒன்று நினைவுக்கு வந்தது. சென்னையில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்திருந்தேன். செகரட்டரி கையெழுத்திட்ட சான்றிதழ் இல்லாவிட்டால் அந்தப் படிப்பு எனக்கில்லை.

மறுநாள் செகரட்டரி எங்கள் பதினோரு பேரையும் வரிசையாக நிற்க வைத்தார். “என் ஆஸ்பத்திரியில சங்கமா? மொதக் கையெழுத்து போட்டவன் எவன்? அவனுக்குச் சர்டிபிகேட் கெடையாது!”

ஆனால் ஒன்பது கையெழுத்தில் ஒன்றுகூட அவருக்குப் புரியவில்லை. மூணு வேளையைக் கூப்பிட்டனுப்பினார்.

வந்தவர் கண்ணாடியைத் துடைத்தார். மனுவை வெளிச்சத்தில் பிடித்தார். பழக்கதோஷத்தில் இரண்டு முறை குலுக்கினார். என் கையெழுத்தின்மேல் விரல் வைத்து, “இருமல் மிக்சருங்க. மூணு வேளை” என்று படித்தார்.

“வெளையாடறியா? இத்தினி வருஷமா இவங்க எழுத்தத்தான படிச்சிக்கினு இருக்க?”

“மருந்துச் சீட்டுன்னா படிப்பேங்க. அது ஒருத்தர் பொழைக்கறதுக்கு எழுதனது. இதப் படிச்சா ஒருத்தர் பொழப்பு போயிடுமே. இந்த எழுத்து எனக்குத் தெரியாதுங்க.”

“தெரியாதுன்னா நாளைலேர்ந்து வேலைக்கு வராத.”

மூணு வேளை இடுப்பிலிருந்த சாவிக் கொத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். என்னைக் கடந்து போனவர் என் காலை நன்றாக மிதித்தார். “வாயத் தொறக்காதீங்க டாக்டரே. தொண்டையில புண்ணு இருக்குது.” நான் வாயை மூடிக்கொண்டேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

மறுநாள் மருந்து ஜன்னலில் புடவைக் கடைக் கணக்குப்பிள்ளை உட்கார்ந்தார். முதல் சீட்டைப் பார்த்ததும் அவருக்கு வியர்த்தது. அதை என்னிடமே கொண்டுவந்தார். நான் எழுதியது எனக்கே புரியவில்லை.

நாங்கள் வேலையை நிறுத்தவில்லை. மூணு வேளையும் நிறுத்தவில்லை. எதிரே புங்க மரத்தடியில், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். ஜனங்கள் சீட்டோடு வெளியே ஓடி அவரிடம் கொடுத்தார்கள். அவர் முத்து முத்தான தமிழில் பெயர்த்து எழுத, அதைக் கொண்டுபோய் மருந்து வாங்கினார்கள். ஒருவரும் மருந்தில்லாமல் திரும்பவில்லை. வரிசை நீண்டு தெரு முனையில் திரும்பியது. கோயிலுக்கு பஸ்ஸில் வந்த ஒரு கூட்டம் ஏதோ விசேஷ தரிசனம் என்று அதில் சேர்ந்து நின்றது.

மூன்றாம் நாள் செகரட்டரிக்கே வயிற்று வலி. அவர் சீட்டையும் கணக்குப்பிள்ளை கையை விரித்துத் திருப்பிக் கொடுத்தார். செகரட்டரி தெருவைத் தாண்டி மரத்தடிக்குப் போனார். “வரிசையில வாங்க!” என்று நாலு பேர் கத்தினார்கள். நின்றார். நாங்கள் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

“வயித்துக்கு மிக்சர், மூணு வேளை” என்று மூணு வேளை சீட்டைப் படித்தார்.

“சரிபா. அமாவாசைக்கு லீவு குடுத்துடறேன். உள்ள வா.”

“மாசத்துக்கு ஒரு டோஸ் பத்தாதுங்க. வாரத்துக்கு ஒண்ணு. சங்கத்துக்கும் ஒத்துக்கினேன்னு எழுதிக் குடுங்க. பேரு கேட்டு யார் சர்டிபிகேட்லயும் கை வெக்கக் கூடாது.”

டீக்கடை பெஞ்சின்மேல் வைத்து, அத்தனை பேர் பார்க்க, செகரட்டரி கையெழுத்துப் போட்டார். எங்களுக்கு ஒரு சங்கம் கிடைத்தது. அன்று நிமிர்ந்த என் முதுகு இந்த வயதிலும் கூனவில்லை. டாக்டர் இல்லை என்பதால் மூணு வேளையை மட்டும் அதில் உறுப்பினராகச் சேர்க்க முடியவில்லை.

சான்றிதழோடு சென்னைக்குக் கிளம்பிய அன்று மருந்து ஜன்னலுக்குப் போய்க் கேட்டேன். “அன்னிக்கு நெஜமாவே புரியலியா?”

“பார்த்ததுமே தெரிஞ்சிது டாக்டரே. மத்த எட்டுப் பேரும் சும்மா கிறுக்கியிருந்தாங்க. நீங்கதான் பயந்துக்கினே கிறுக்கியிருந்தீங்க.”

இன்று மருந்துக் கடைக்காரர்கள் என் எழுத்தைத் திட்டுகிறார்கள். இந்தப் பத்திரிகை ஆசிரியரும் திட்டுகிறார். திருத்திக்கொள்ளச் சொல்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. அந்த எழுத்தை முழுசாகப் படித்த ஒரே மனிதர், எனக்காக, படிக்கத் தெரியாது என்று சொல்லியிருக்கிறார்.