நடுக்கக் கார்ட்டர் நாட்டைக் காட்டிய கதை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கார்ட்டரைப் போலப் பயந்த மனிதர் முன்னும் பிறந்ததில்லை, பின்னும் பிறக்கப்போவதில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், சண்டைக் காலத்தில், பயம் எல்லாருக்கும் இருந்தது, எனக்கும்தான். ஆனால் நாங்கள் அதை மடியில் ஒளித்துக்கொண்டு நடந்தோம். கார்ட்டர் சால்வை மாதிரித் தோளில் போட்டுக்கொண்டு திரிந்தார்.

திருநெல்வேலியில் எங்கள் ஒழுங்கையில் அவருடைய சொந்தப் பெயர் ஒருவருக்கும் தெரியாது. கொழும்பு ரெயிலில் முப்பது வருடம் பச்சைக்கொடி காட்டும் கார்ட்டாக இருந்தவர். ரெயில் நின்றுபோயிற்று, பெயர் போகவில்லை. ஒழுங்கை அதற்கு முன்னால் 'நடுக்க' என்று ஒரு பெட்டியையும் கொழுவிவிட்டது.

வளவுக்குள் பதுங்குவதற்கென்று மூன்று பங்கர் வெட்டி வைத்திருந்தார். ஏன் மூன்று என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒண்டு பொம்பருக்கு. ஒண்டு ஷெல்லுக்கு."

"மற்றது?"

"அந்த ரெண்டுக்கையும் பாம்பு கிடந்தால் என்ன செய்யிறது தம்பி?"

எதிர்வீட்டு மாமி தையல் மெஷினை வேகமாக மிதித்தால் இவர் பங்கருக்குள் பாய்வார். அப்படிப் பாய்ந்து ஒருமுறை முழங்காலையும் பெயர்த்துக்கொண்டார். நாங்கள் சிரிப்போம். ஆனால் அவர் ஓடினால், சிரித்துக்கொண்டே நாங்களும் பின்னால் ஓடுவோம். பத்தில் ஒரு தடவை அது தையல் மெஷின் இல்லை.

அந்தக் காலத்தில்தான் மார்ட்டின் என்ற வெளிநாட்டு டொக்டர் எங்கள் ஒழுங்கையில் ஒரு அறை எடுத்துத் தங்கினார். ஆறடி உயரம், ஆஸ்பத்திரியில் நாலு மாத வேலை, சட்டைப்பையில் ஒரு கொப்பி. வேலி ஏன் இவ்வளவு உயரம், மாட்டுக்கு ஏன் சூடு வைத்திருக்கிறது, 'போய்ட்டு வாறன்' என்று சொல்லிவிட்டு ஏன் போகிறீர்கள் என்று கேள்வியாகக் கேட்பார். இங்கிலீசு ரியூசன் வாத்தியாரான நான்தான் மொழிபெயர்ப்பு. கார்ட்டருக்கும் இங்கிலீசு நன்றாகவே தெரியும். பயம் வந்தால் மட்டும் மறந்துபோகும். அதாவது, எப்போதும் மறந்துபோகும்.

ஒருநாள் பின்னேரம் டொக்டர் சொன்னார்: "இன்னும் இரண்டு கிழமையில் போய்விடுவேன். வார்டையும் வானத்தையும் தவிர உங்கள் நாட்டில் நான் ஒன்றும் பார்க்கவில்லை. யாராவது காட்டுவீர்களா?"

நான் மொழிபெயர்ப்பதற்குள், "நான் காட்டுறன்" என்றது ஒரு குரல். கார்ட்டர்! சொன்னது தன் வாய்தானா என்று அவரே திடுக்கிட்டுத் தடவிப் பார்த்தார்.

"அண்ணை, விளங்கித்தான் சொல்லுறியளோ?"

"ஓம் தம்பி. இந்த நாட்டை முழுக்கப் பார்த்தவன் இந்த ஒழுங்கையிலை ஆர், என்னை விட்டால்? ஆனையிறவுப் பாதை பூட்டு, அங்காலை போகேலாது. பருத்தித்துறை மட்டுமெண்டாலும் காட்டுவம்."

ஞாயிறு காலை மூன்று சைக்கிளில் வெளிக்கிட்டோம். கார்ட்டரின் தலையில் ஒரு அலுமினியச் சட்டி, தாடையில் கயிற்றுக் கட்டு. இது உங்கள் பண்பாட்டில் பயணத்துக்கு அணிவதா என்று டொக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கொப்பியில் எழுதியும்விட்டார்.

பருத்தித்துறை வழியிலுள்ள வல்லைவெளியை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு பெரிய மரம்கூட இல்லாத உப்புத் தரை, நடுவே நீளமாக ரோட்டு. மழை வந்தாலே ஒதுங்க இடமில்லை. கார்ட்டர் ரோட்டைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தபடி மிதித்தார். பாதி வழியில் சைக்கிளோடு சரிந்தார்.

"கெலி! படுங்கோ!"

எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் படுத்தோம். ரோட்டோரத்தில் ஒரு முழ ஆழப் பள்ளம். எதிரே மீன்பெட்டியோடு வந்த ஒரு மனிதரும் எங்களைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளிக் குப்புற விழுந்தார். அதன் பிறகுதான் சத்தம் கேட்டது. கெலிகொப்டர் பலாலி ஆமிக் காம்ப் பக்கமிருந்து தாழ வந்து எங்களுக்கு மேலே வட்டமடித்தது. என் நெஞ்சுக்குக் கீழே நிலம் அதிர்ந்தது. அதிர்ந்தது நிலமா நெஞ்சா என்று இன்றுவரை தெரியாது.

டொக்டர் வெளிறிப்போனார். எத்தனையோ பேரின் காயங்களைத் தைத்தவர், அந்தக் காயங்கள் உண்டாகும் இடத்தில் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கிடந்தார். திடீரென்று எழுந்து ஓடப் பார்த்தார். கார்ட்டர் சட்டையில் பிடித்து இழுத்து விழுத்தினார்.

"ஓடாதையுங்கோ! ஓடினால் சுடுவான்!"

தன் சட்டியைக் கழற்றி டொக்டரின் தலையில் கவிழ்த்தார். இரண்டு கையாலும் அவர் தோளை அமர்த்திக்கொண்டு என்னைப் பார்த்தார். "தம்பி, சொல்லும் அவருக்கு. நாட்டைக் காட்டச் சொன்னவரல்லோ? ரெயில் வெளிக்கிடுது. இது காங்கேசன்துறை. கடல் காத்து. ஏறுங்கோ."

நான் மண்ணைத் தின்றபடி மொழிபெயர்த்தேன்.

"கொடிகாமம். தேங்காய் மூட்டை ஏத்துறாங்கள். ஆனையிறவு, ரெண்டு பக்கமும் தண்ணி, உப்பு மணம். மாங்குளம், காடு. வவுனியா தாண்டினால் பாசை மாறும், பயப்பிடாதையுங்கோ, பசி மாறாது. மதவாச்சி. மன்னாருக்குப் போற மாதாக் கோயில் சனம் இறங்குது. அநுராதபுரம். வெள்ளைச் சீலை கட்டின சிங்களக் கிழவியள், கையிலை தாமரைப்பூ. என்னைக் கண்டால் 'மாத்தயா, வாங்க' எண்டு தங்கடை சோத்துப் பார்சலை அவிழ்ப்பினம்..."

கெலி இன்னும் தாழ வந்தது. பயம் கூடக் கூடக் கார்ட்டரின் குரலும் கூடியது. "மாகோ! மட்டக்களப்புக்கு மாறுற சனம்! வடைக்காரன் ஓடி வாறான்! இஸ்ஸோ வடே! உணு உணு வடே!"

ரெயிலில் சுடச்சுட இறால் வடை விற்கும் சிங்களக் குரல், அச்சொட்டாக. வெளி முழுக்கக் கேட்டது.

மீன்காரர் துள்ளி எழும்பினார். "ஐயோ, சிங்களத்திலை கத்துறாங்கள்! ஆமி இறங்கிட்டான்!" மீன்பெட்டியை விட்டுவிட்டு வந்த வழியே சைக்கிளில் பறந்தார். நல்லகாலம், கெலி அப்போது கடல் பக்கம் திரும்பியிருந்தது.

மீன்காரர் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நாங்கள் தலையைத் தூக்கிப் பார்த்தபோது, வெளியின் அந்தக் கரையில் குடிமனைகள் கலைந்துகொண்டிருந்தன. மூட்டையும் பிள்ளையுமாகச் சனம் ரோட்டில் ஏறியது. ஆடு, கோழி எல்லாம். தூரத்தில் கெலிச் சத்தம் இன்னும் சாகவில்லை.

"என்ரை வாயாலை வந்த வினை" என்றார் கார்ட்டர். கால் பெடலில் நிற்காமல் இரண்டு தரம் வழுக்கியது. மூன்றாம் தரம் ஏறி, அந்த வெட்டவெளியில் எழும்பி நின்று மிதித்தார். நாங்கள் பின்னால் விழுந்தடித்துப் போனோம்.

"ஆமி வரேல்லை! வடை வித்தது நான்! உள்ளுக்குப் போங்கோ, கெலி திரும்புது!"

ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு நின்ற ஒரு பெண் கேட்டாள்: "ஆரப்பா இந்த விசரன்? எந்த வடை?"

வேறு வழியில்லை. நடுரோட்டில் நின்று கார்ட்டர் மறுபடியும் கூவினார். "இஸ்ஸோ வடே!"

"உந்தக் குரல்தான்! அறுவான், உவன்தான்!" என்று கூட்டத்துக்குள்ளிருந்து மீன்காரர் சாட்சி சொன்னார்.

திட்டிக்கொண்டே சனம் கலைந்து பங்கர்களுக்குள் இறங்கியது. ஆட்டுக்காரப் பெண் எங்களையும் இழுத்துத் தன் பங்கருக்குள் தள்ளினாள். கடைசியாகக் கார்ட்டர் இறங்கவும் கெலி வரவும் சரியாக இருந்தது. இரண்டு தரம் சுட்டுக்கொண்டு போனது. பிறகு ஏறிப் பார்த்தோம். சற்றுமுன் சனம் நின்ற ரோட்டில் தார் பெயர்ந்து புழுதி அடங்காமல் நின்றது.

அந்தப் பெண் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள்.

"பயமாக இருக்கவில்லையா என்று கேளுங்கள்" என்றார் டொக்டர்.

கேட்டேன். கார்ட்டர் என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "இப்பவும் நாக்கு நடுங்குது தம்பி. ஆனால் சனத்தை வெளியிலை எடுத்துவிட்டவன் நானல்லோ. வேறை ஆர் உள்ளுக்கு அனுப்புறது?"

பருத்தித்துறை பார்க்காமலே திரும்பினோம். ஆனால் அடுத்த நாள் பின்னேரமே டொக்டர் கொப்பியோடு கார்ட்டரின் வளவுக்கு வந்தார். "மாகோவுக்கு அடுத்தது என்ன?" மிஞ்சிய நாளெல்லாம், முதலாம் நம்பர் பங்கருக்குள் ரெயில் ஓடியது. பொல்காவலையில் மாறி மலையேறி, தேயிலைத் தோட்டத்துத் தமிழரையும், மலாய் ஸ்டேசன் மாஸ்டரையும், பாடிக்கொண்டே எஞ்சின் ஓட்டும் பறங்கியரையும் பார்த்துவிட்டுக் கொழும்புக் கோட்டையில் இறங்கிய பிறகுதான் டொக்டர் நாடு திரும்பினார்.

தொண்ணூற்றைந்தில் ஆமி உண்மையாகவே வந்தபோது, ஊரோடு சேர்ந்து நாங்களும் தென்மராட்சிக்கு நடந்தோம். கூட்டத்தில் கார்ட்டரைத் தவறவிட்டேன். மூன்று நாளாக, சனம் தங்கியிருந்த ஒவ்வொரு பள்ளிக்கூடமாக எட்டிப் பார்த்தேன். கிடைக்கிற செய்தி எதுவாக இருக்குமோ என்று ஒருவரிடமும் கேட்கத் துணிவில்லை. நாலாம் நாள் மத்தியானம், கொடிகாமத்தில் ஒரு வகுப்பறை மூலையில் பாயில் இருந்தார்.

"எங்கை தம்பி போனனீர்?" என்று அதட்டினார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாயில் பாதியை ஒதுக்கினார். "சரி, உதிலை படும். சத்தம் கேட்டால் எழுப்புவன், நான் இருக்கிறன்."

படுத்தேன். அந்த இரைச்சலுக்குள், பட்டப்பகலில், குழந்தைபோல நித்திரையாகிப் போனேன்.