எர்த்தக்காவின் பச்சைக் கம்பி

பதுளை மாவட்டத்தில் எர்த்தக்காவைவிடப் பிடிவாதமான ஜீவன் ஒன்று உண்டென்றால், அது நடுரோட்டில் படுத்துக்கிடக்கும் எருமையாகத்தான் இருக்கும். அதுகூட பஸ் ஹோர்ன் அடித்தால் எழுந்து போய்விடும். எர்த்தக்கா எழ மாட்டார்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். டவுனில் சோலர் பேனல் பூட்டிக் கொடுக்கும் சின்னக் கம்பெனி ஒன்றில் நாங்கள் இருவரும் வேலை செய்தோம். நான் கூரையை அளந்து படம் போடுகிறவன். அவர் கூரைமேல் ஏறுகிறவர். ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, டவுனில் வயரிங் படித்து, காற்சட்டையும் பூட்சுமாகத் திரிந்த ஒல்லி மனுஷி.

பேனலைச் சுற்றி அலுமினிய ஃப்ரேம் ஒன்று இருக்கும். எங்காவது வயரின் தோல் உரிந்து அதில் பட்டால் ஃப்ரேம் முழுக்கக் கரண்ட் ஏறிவிடும். அதற்காகத்தான் எல்லா ஃப்ரேமையும் ஒன்றோடொன்று இணைத்து, பச்சைக் கம்பி ஒன்றைக் கீழே இறக்கி, மண்ணில் அடித்த ரொட்டோடு, அதாவது செம்புத் தண்டோடு, கட்டுவது. அதற்குப் பெயர்தான் எர்த். இது எங்கள் கம்பெனியில் எல்லாருக்கும் தெரியும். எங்களுக்கு அது வேலையில் ஒரு பகுதி. எர்த்தக்காவுக்கு அது மட்டும்தான் வேலை. பேனல் பூட்டுவதெல்லாம் அதற்கு ஒரு சாக்கு.

டவுனில் ஒரு புடைவைக்கடை முதலாளி தெரியாமல் கேட்டுவிட்டார்.

"பேனல்னா கண்ணாடிதானேம்மா? அதுக்கு எதுக்கு இந்தக் கம்பி?"

"வேணாம்னா விட்டுரலாம் முதலாளி. ஒரு நாளைக்குக் கூரைய கழுவ ஏறுவீங்க. ஃப்ரேமத் தொடுவீங்க. அன்னைக்கு நீங்களே கம்பியாகிருவீங்க."

முதலாளி இரண்டு இடத்தில் ரொட் அடிக்கச் சொன்னார்.

கொஸ்லந்தையில் ஒரு வீட்டைச் சுற்றிலும் கற்பாறை. ரொட் ஒரு சாணுக்கு மேல் இறங்கவில்லை. எர்த்தக்கா மண்ணை மோந்து பார்த்துக்கொண்டே வளவைச் சுற்றினார். கடைசியில் அவர் நின்ற இடம் வீட்டுக்காரம்மாவின் லீக்ஸ் பாத்தி.

"ஐயோ, அடுத்த வாரம் புடுங்கப்போறேன்!" என்று அந்தம்மா தலையில் கைவைத்தார்.

"இன்னைக்கே புடுங்குங்க. ஈரமான எடம் இது ஒண்ணுதான். நானும் ஒத்தாசைக்கு வாறேன்."

உட்கார்ந்து கூடவே பிடுங்கிக் கொடுத்தார். அன்று எங்கள் வேன் முழுக்க லீக்ஸ் வாசம்.

என் கல்யாணத்துக்கு அபூர்வமாகச் சீலை கட்டிக்கொண்டு வந்தார். மேடையில் இரும்பு வளைவு, அதில் சரம் சரமாக லைட். பார்த்ததும் அவர் முகம் மாறியது. நேராக மேடைக்குப் பின்னால் போய் மண்டியிட்டார். தோடு விழுந்துவிட்டதாக்கும் என்று நினைத்து என் சின்னம்மாவும் மண்டியிட்டுத் தேடத் தொடங்க, பார்த்தவர்களெல்லாம் சேர்ந்துகொண்டார்கள். எர்த்தக்கா நிதானமாக வளைவுக்குப் பச்சைக் கம்பி கட்டி முடித்து, கைமண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். எங்கள் ஆல்பத்தில் பாதிப் படங்களில் எங்களுக்குப் பின்னால் அவர் முதுகுதான் தெரியும்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் ஸ்பிரிங்வெளி வேலை வந்தது. அம்மாமார் கொழுந்தெடுக்கப் போகையில் சின்னஞ்சிறுசுகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவுக்கு, யாரோ நல்ல மனசுக்காரர்கள் பேனல் வாங்கிக் கொடுத்தார்கள். திறப்பு விழாவுக்கு ஒரு பெரிய மனுஷர் வருவதாக ஏற்பாடு. ஆனால் ஃப்ரேமைக் கடித்துப் பிடிக்கிற எர்த் வாஷர்கள் மட்டும் கொழும்பிலிருந்து வந்து சேரவில்லை.

"கொஞ்ச நேரம் லைட்டப் போட்டுக் காட்டிட்டு ஓஃப் பண்ணிருவோம். எர்த்த நாளைக்குக் கட்டலாம்" என்றார் எங்கள் கம்பெனி பொஸ்.

"எர்த் கட்டாம கரண்ட் இல்ல சேர்."

பொஸ் மாலை வாங்கப் போன நேரத்தில், எர்த்தக்கா ஃபியூஸ்களைக் கழற்றிக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

தப்பு மேளம் முழங்கியது. பெரிய மனுஷர் சுவிட்சைத் தட்டினார். ஒன்றும் எரியவில்லை. மறுபடி தட்டினார். தப்பு நின்றது. ஒரு குழந்தை மட்டும் கைதட்டியது. தோட்டத் தலைவர் சமயோசிதமாகக் குத்துவிளக்கைத் தூக்கிவந்து நீட்ட, பெரிய மனுஷர் அதை ஏற்றிவிட்டுக் கிளம்பிப் போனார்.

"நாளைல இருந்து வேலைக்கு வர வேணாம்!" என்று கத்தினார் பொஸ்.

"சரிங்க சேர்" என்று சொல்லிவிட்டு எர்த்தக்கா நடந்தே லயத்துக்குப் போய்விட்டார். அவர் சம்பாத்தியத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பெரிந்தது. அது பொஸ்ஸுக்கும் தெரியும்.

அடுத்த நாள் வாஷர்கள் வந்தன. அப்போதுதான் பொஸ்ஸுக்கு உறைத்தது.

"ஃபியூஸ் எங்கடா?"

"அக்காவோட பையில சேர்."

என்னைத்தான் அனுப்பினார். எர்த்தக்கா ஃபியூஸைத் தரவில்லை. பூட்சை மாட்டிக்கொண்டு வேனில் ஏறினார். வேலையில்லாத மனுஷி கூரைமேல் ஏறி, ஒவ்வொரு ஃப்ரேமாக இணைத்து, ரொட் அடித்து, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஃபியூஸைப் பூட்டினார். திங்கட்கிழமை வழக்கம்போல வேலைக்கு வந்தார். பொஸ் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

மழைக்காலம் பிறந்து ஒரு காலை, பிள்ளைக்காம்பரா டீச்சர் போனில் கோல் எடுத்தார். சோலர் மெஷினில் சிவப்பு லைட் எரிகிறது, ஓட மாட்டேன் என்கிறது என்றார். பொஸ்ஸும் எங்களோடு வந்தார். எர்த்தக்கா ஏறிப் பார்த்தார். பேனலுக்கு அடியில் எலி கடித்து வயரின் தோல் உரிந்து, செம்பு ஃப்ரேமோடு ஒட்டிக்கிடந்தது. எர்த் கட்டியிருந்ததால்தான் மெஷின் அதைக் கண்டுபிடித்துத் தானாகவே நின்றிருக்கிறது. கட்டாமல் விட்டிருந்தால் ஃப்ரேமிலிருந்து தகரத்துக்கும், தகரத்திலிருந்து மழைத்தண்ணீர் இறங்குகிற பீலிக்கும் கரண்ட் சத்தமில்லாமல் இறங்கியிருக்கும்.

அந்த இரும்புப் பீலியைப் பிடித்துக்கொண்டு, விழுகிற மழைத்தண்ணீரைக் கையில் ஏந்தி, குழந்தைகள் ஒருவர்மேல் ஒருவர் தெளித்துக்கொண்டிருந்தார்கள்.

எர்த்தக்கா வயரை மாற்றிவிட்டு இறங்கி வந்து, பூட்சைக் கழற்றுகிற சாக்கில் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நாசமாப்போன எலி" என்று மட்டும் சொன்னார்.

திரும்பும்போது பொஸ் வேனின் முன் சீட்டுக் கதவைத் திறந்து, "ஏறும்மா" என்றார். எர்த்தக்கா பின்னால் போய், வயர் உருளைமேல் உட்கார்ந்து வந்தார்.

எர்த்தக்கா இப்போது ஹல்துமுல்லையில் தனியாக வேலை எடுத்துச் செய்கிறார். பின்னேரங்களில் வானம் கறுத்து இடி முழங்கத் தொடங்கினால் என் போன் அடிக்கும்.

"தம்பி, டிவி வயரக் கழட்டிட்டீங்களா?"

அதற்கு முன்பே கழற்றி வைத்திருப்பேன். இருந்தாலும் "இன்னும் இல்லக்கா" என்றுதான் சொல்வேன். திட்டி முடிக்கும் வரைக்குமாவது பேசிக்கொண்டிருப்பாரே.