யாருமில்லாத தொட்டிக்குத் தினம் ஒரு சிட்டிகை

கண்ணாடிக்காரர் ஆசைப்பட்டு மீன் வளர்க்கக் கிளம்பினார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மனிதருக்கு மீனைக் கண்டாலே ஆகாது. அவருக்குத் தேவைப்பட்டதெல்லாம் சின்ன அறையில் இடத்தை அடைத்துக்கொள்ள ஒரு சாமான்.

மனைவியின் அண்ணன் வரப்போவதாக வீட்டில் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. போன தடவை 'ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன்' என்று வந்தவர், சின்ன அறைச் சுவரில் நாலா பக்கமும் ஆணி அடித்து, கண்ணாடிக்காரரின் சாய்வு நாற்காலியைத் தன் உடம்பு அளவுக்குப் பள்ளமாக்கிவிட்டுத்தான் கிளம்பினார். மூக்குக்கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் அடுத்தவர் மூக்கோடு மல்லாடுகிறவருக்கு, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார உலகத்திலேயே இருந்தது அந்த ஓர் அறைதான். அதுவும் போனால் பாவம், எங்கே போவார்?

வண்ணமீன் கடைக்காரர் வழி காட்டினார்.

"தொட்டி வைங்க சார். ஆனா உடனே மீன் விட்டா செத்துடும். புதுத் தண்ணி பக்குவப்படணும். மீன் இல்லாமலே தினம் ஒரு சிட்டிகை தீனி போடுங்க. அது அழுகி விஷமாகும். அந்த விஷத்தைத் தின்ன கண்ணுக்குத் தெரியாத உயிருங்க வரும். அதுங்க குடியேறின பிறகுதான் மீன்."

"எத்தனை நாள் ஆகும்?"

"அது அதுங்க இஷ்டம் சார்."

கண்ணாடிக்காரருக்குக் காதில் தேன் பாய்ந்தது. தொட்டி, மணல், மோட்டார், நீல விளக்கு எல்லாம் அன்றே வந்து இறங்கின. தண்ணீர் பக்குவப்படும் வரை அந்த அறையில் யாரும் படுக்கக் கூடாது, குறட்டைச் சத்தம் கேட்டாலே அந்த உயிர்கள் ஓடிவிடும் என்று மனைவியிடம் ஒரு போடு போட்டார். அவள் மறுபேச்சே பேசவில்லை. தெரிந்தவர் வீட்டுத் தொட்டியிலிருந்து என்று சொல்லி ஒரு கொத்துச் செடி வாங்கிவந்து, தன் கையாலேயே மணலில் நட்டும் கொடுத்தாள். அப்போதே உஷாராகியிருக்க வேண்டாமோ?

முதலில் தண்ணீர் பால் கலந்ததுபோல் வெளுத்தது. பிறகு ஒரு நாள், யாரோ உள்ளேயிருந்து துடைத்துவிட்டாற்போல் தானாகத் தெளிந்தது. சாயங்காலம் கடையிலிருந்து வந்தால், சாத்திய கதவின் அடியில் நீல வெளிச்சம் கசிந்துகொண்டிருக்கும். உள்ளே மோட்டார், தூங்குகிறவர் மூச்சு விடுவதுபோல் சீராக ஓடும். அவர் போட்டுவிட்டுப் போன தீனியில் ஒரு துணுக்கு மிஞ்சியிருக்காது.

அழுகும் என்றல்லவா கடைக்காரர் சொன்னார்? இங்கே யாரோ சாப்பிட்டு இலையை வழித்திருந்தார்கள்.

அப்புறம் கண்ணாடியில் பழுப்பாகப் பாசி படிந்தது. அந்தப் பாசியில் விரல் அகலத்துக்கு ஒரு கோடு. உள்பக்கமாக. தினமும் அது நீண்டது, வளைந்தது, ஏறியது. ஒரு நாள் அவர் நாற்காலிக்கு நேர் எதிரே, சரியாக அவர் முகத்தின் உயரத்துக்கு வந்து நின்றது.

மனைவியிடம் வந்து, அந்த அறையில் ஏதாவது தெரிகிறதா என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டார். அவள் துணி மடித்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"நீங்க சாப்பாடு போடறீங்க. யாரோ சாப்பிடறாங்க. யாருன்னு கேட்டுக்கிட்டிருந்தா நல்லாவா இருக்கும்?"

"யாரோன்னா?"

"நான் என்னத்தைக் கண்டேன். பெருக்கப் போனா முதுகைக் காட்டமாட்டேன். பின்பக்கமாவே நடந்து வெளிய வந்துடுவேன், அவ்வளவுதான்."

அன்றிலிருந்து கண்ணாடிக்காரரும் தீனி போட்டுவிட்டுப் பின்பக்கமாகவே நடந்து வந்தார். வாசற்படியில் குதிகால் இடித்து வீங்கியது. ஊருக்கெல்லாம் பார்வை சரிசெய்கிறவர், அந்தத் தொட்டியை நிமிர்ந்து பார்க்கப் பயந்து மணலைப் பார்த்தே தீனி போட்டார். தீனி போடாமல் விட்டுவிடலாம் என்றும் தோன்றியது. பசித்தால் அது என்ன செய்யும் என்று நினைத்ததும் அந்த யோசனை ஓடிப்போயிற்று. சாய்வு நாற்காலி கூடத்துக்கு வந்தது. ஆசை ஆசையாகக் காப்பாற்றிய அறையில் இப்போது அவருக்கே இடமில்லை.

"உங்களுக்கு ஒரு துணை இருந்தா தேவலை" என்றாள் மனைவி. யார் துணை என்று அவள் சொல்லவே இல்லை.

அவரே போனை எடுத்தார். மச்சான் லேசில் மசியவில்லை. தலைக்கு மேல் வேலை என்றார், போன தடவையே தொந்தரவு கொடுத்துவிட்டதாக வருத்தப்பட்டார். கண்ணாடிக்காரர் கெஞ்சினார். அந்த அறையிலேயே படுக்க வேண்டும், எத்தனை நாளானாலும் இருக்க வேண்டும் என்று தன் வாயாலேயே கேட்டுச் சத்தியம் வாங்கினார்.

மறுநாளே மச்சான் வந்து இறங்கினார். ஒரு கையில் பெட்டி, மறு கையில் தண்ணீர் நிரம்பிய பிளாஸ்டிக் பைகளில் துள்ளும் மீன்கள். நேரே தொட்டிக்குப் போய்க் கையை விட்டுச் செடியை விலக்கினார்.

"அடடே, இங்கதான் ஒளிஞ்சிருக்கியா? பாப்பா, நான் கொடுத்தனுப்பின செடியில ஒட்டிக்கிட்டு வந்துச்சே ஒரு நத்தை, என்னமா கொழுத்திருக்கு பார்."

பாக்கு அளவு நத்தை ஒன்று, கண்ணாடிப் பாசியை மேய்ந்து கோடு போட்டபடி நிதானமாக ஏறிப் போயிற்று. கண்ணாடிக்காரர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் பேய்னா சொன்னேன்?" என்றாள் அவள். "யாரோ சாப்பிடறாங்கன்னுதானே சொன்னேன்."

"தண்ணி நல்லாப் பக்குவமாயிடுச்சு மாப்பிள்ளை" என்றார் மச்சான், சாய்வு நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டுச் சாய்ந்தபடி. "சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கேன், விட்டுட்டா போயிடுவேன்? மீனெல்லாம் குஞ்சு பொரிச்சு, அதுங்க பேரன் பேத்தி எடுக்கிற வரைக்கும் இருந்து பார்த்துக்கறேன்."

கண்ணாடிக்காரர் மச்சானின் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்த் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். பழக்க தோஷம், பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்தார்.