பாட்டில் மினாரும் ரெண்டு டியூப் பசையும்

சோற்றுப்பானை மூடியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். செங்கல்பொடி போட்டாச்சு, மணல் போட்டாச்சு, தேங்காய்நார் தேய்ந்ததுதான் மிச்சம். நடுவில் காய்ந்து கிடக்கிற பசை அசையவே இல்லை. என் வீட்டுக்காரர் பிடிவாதத்தைக்கூட ஒரு கிளாஸ் டீயில் கரைத்துவிடலாம். இந்தப் பசை அந்த ஜாதி இல்லை. அதனால் தேய்க்கிறது கொஞ்சம், ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு எழுதுகிறது கொஞ்சம்.

என் வீட்டுக்காரர் மன்சூர் அலிக்குத் தாராவியில் தோல்பைப் பட்டறையில் வேலை. அவர் கை மாதிரி ஒரு கை இந்தப் பம்பாயில் கிடையாது. அவர் சொல்யூஷன் பசை தடவி ஒட்டிய பையை இரண்டு பேர் பிடித்து இழுத்தால் இரண்டு பேரும்தான் கீழே விழுவார்கள். ஒட்டு விடாது.

இந்த வருஷம் மீலாது ஊர்வலத்துக்கு எங்கள் சந்து சார்பில் கைவண்டியில் ஒரு பள்ளிவாசல் மினார் வைப்பதென்று முடிவாச்சு. கமிட்டித் தலைவர் ஜெயினுலாப்தீன் காக்கா ஒரு சாக்கு நிறைய பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுவந்து எங்கள் வீட்டில் கொட்டினார். கப்பலில் வந்த வெளிநாட்டுக் கலர் பாட்டில், கோடவுனில் எடுத்ததாம். ஒன்றன்மேல் ஒன்றாக ஆள் உயரத்துக்கு ஒட்டி, உள்ளே பல்பு போடணும்.

"தோலு வேறவே, பிளாஸ்டிக்கு வேற. எதை வச்சு ஒட்டுவே?" என்று கேட்டார் காக்கா.

"நம்ம சொல்யூஷன் இருக்கே காக்கா! உலகம் ரெண்டாப் பொளந்தாலும் அதை வச்சு ஒட்டிப்புடலாம்."

நான் அடுப்படியில், சேலைத் திரைக்குப் பின்னால் இருந்தேன். பெரியவர்கள் இருக்கும்போது புருஷனிடம் நேராகப் பேசுகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. அதற்குத்தான் அல்லா பிள்ளையைக் கொடுத்திருக்கிறான். மடியில் கிடந்த கைக்குழந்தையிடம் சொன்னேன்.

"மர்யம், வழுவழுன்னு இருக்க பாட்டில்ல சொல்யூஷன் நிக்குமான்னு வாப்பாகிட்ட கேளும்மா."

அவரும் குழந்தைக்கே பதில் சொன்னார். "மர்யம், ஒட்டுத சங்கதி ஆம்பள சங்கதின்னு உம்மாகிட்ட சொல்லு."

"ஒட்டு விட்டுட்டா?"

"விட்டுட்டா உங்க சாச்சி கல்யாணத்துக்கு நானே கூட்டிட்டுப் போறேன்! விடலேன்னா, அந்தப் பேச்சையே எடுக்கப்படாது!"

காக்கா சிரித்தார். "மர்யம், நானும் சாட்சி!"

எனக்கு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்றே தெரியவில்லை. மேலப்பாளையத்தில் என் ஒரே தங்கச்சி சாயிராவுக்குக் கல்யாணம். என் இடுப்பிலேயே வளர்ந்தவள். போக வேண்டாம் என்று இவர் ஒற்றைக்காலில் நின்றார். காரணம் என்னவென்று கேட்டால் சிரிப்பீர்கள். போன தடவை விருந்துச் சோற்றில் மருமகனுக்கு எலும்பாக வந்துவிட்டதாம், கறி எல்லாம் பக்கத்து இலைக்குப் போய்விட்டதாம். அந்த எலும்பு இன்னும் அவர் தொண்டையில் நிற்கிறது.

அன்று சாயங்காலமே வேலை ஆரம்பம். பாட்டிலில் ஒட்டியிருந்த காகிதம் போகட்டும் என்று நான் இரண்டை எடுத்துச் செங்கல்பொடி போட்டுத் தேய்த்தேன்.

"ஏ புள்ளா! கண்ணாடி மாதிரி இருந்ததுக்குச் சொறி பிடிக்க வச்சிட்டியே!"

"சொரசொரன்னு இருந்தா பிடிக்கும்லா?"

"உனக்குப் பாத்திரம் தேய்க்கத் தெரியும். எனக்கு ஒட்டத் தெரியும்."

அதுவும் நியாயம்தானே. அவர் ஒட்டுகிற அழகைப் பார்க்கணும். தன் கைலியாலேயே பாட்டிலைப் பளபளவென்று துடைத்தார். இரண்டு பக்கமும் சொல்யூஷன் தடவினார். ஊதினார். விரல் முட்டியால் தொட்டு, கண்ணை மூடிப் பதம் பார்த்து, 'டப்'பென்று அமுக்கினார். விளக்கு வைக்கிற நேரம் மினார் நிமிர்ந்து நின்றது. சுத்திப்போடணும் போல இருந்தது எனக்கு.

மறுநாள் அவர் பட்டறைக்குப் போய்விட்டார். உச்சி வெயில். எங்கள் வீட்டுத் தகரக் கூரைக்குக் கீழே அப்பளத்தைப் பிடித்தால் பொரியும். மினார் முதலில் எனக்குச் சலாம் சொல்கிற மாதிரி லேசாகக் குனிந்தது. 'வ அலைக்கும்' என்று நான் வாயைத் திறப்பதற்குள் பொலபொலவென்று உதிர்ந்து வீடு முழுக்க உருண்டது. ஒட்டிய இடமெல்லாம் நூல் நூலாக இழுத்துக்கொண்டு நின்றது.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பூமாரி அக்கா ஓடிவந்தாள். பந்தயப் பேச்சைச் சுவர் வழியாக முன்னமே கேட்டிருந்தவள்.

"ஏட்டி, விழுந்துட்டா? அப்ப நீ ஜெயிச்சிட்டே! அப்படியே கிடக்கட்டும். பெட்டியைக் கட்டு!"

"நாளை மறுநாள் ஊர்வலம்க்கா. சந்து முழுக்க இவுகளைப் பாத்துச் சிரிக்கும்."

"சிரிச்சா சிரிக்கட்டும். உன் தங்கச்சி?"

"எனக்கு ரெண்டும் வேணும்."

பூமாரி அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பேச வாய் வராது. ஆசையைப் பாரு!" என்று சொல்லிவிட்டுப் போய் இரண்டு டியூப் கொண்டுவந்தாள். அவள் வீட்டுக்காரர் பூதத்தான் அண்ணன் மில் ஸ்ட்ரைக்கில் வேலை போனதிலிருந்து குர்லாவில் தண்ணி டேங்க் ஓட்டை அடைக்கிறார். இரண்டு டியூபிலும் சரிசமமாகப் பிதுக்கிக் கலக்கணும், பூசிக் கயிற்றால் கட்டணும், ஒரு ராத்திரி முழுக்கத் தொடவே கூடாது. அவ்வளவுதான்.

நாங்கள் இரண்டு பேருமாக, ஒன்றைத் தவிர மற்ற எல்லாப் பாட்டிலுக்கும் ஒட்டுகிற இடத்தில் மட்டும் சொறி பிடிக்க வைத்தோம். கழுவி, காயவைத்து, பானை மூடியில் பசை கலந்து ஒட்டி, கயிறு கட்டி, மேலே என் கல்யாணச் சேலையைப் போர்த்தினேன்.

வேலை முடிந்து வந்தவர் கேட்டார். "ஏன் மூடி வச்சிருக்கே?"

"கண்ணு பட்டுரும்ங்க. ஊர்வலத்தன்னிக்குத் திறந்துக்கலாம்."

பம்பாய் முழுக்கத் தன்மேல் கண்ணு வைத்திருப்பதாக அவருக்கே ஒரு எண்ணம் உண்டு. "அதுவும் சரிதான்" என்றார். மறுநாள் அவர் பட்டறைக்குப் போனதும் கயிற்றை அவிழ்த்துவிட்டுத் திரும்பவும் போர்த்திவிட்டேன்.

ஊர்வலத்தில் கைவண்டி பள்ளத்தில் விழுந்தது, மேட்டில் ஏறியது, ஒரு எருமை வந்து உரசியது. மினார் இம்மி அசையவில்லை. பச்சையும் வெள்ளையுமாக ஒளி! அதைவிட ஒளி அவர் முகத்தில். நான் பூமாரி அக்கா தோளுக்குப் பின்னால் நின்று கண் நிறையப் பார்த்தேன்.

முடிந்ததும் காக்கா மினாரோடு வீட்டுக்கே வந்துவிட்டார். "மன்சூரு! குர்லா கமிட்டிக்காரங்க அசந்துட்டாங்கவே. நாளைக்கே அங்க போயி அவங்க கண்ணு முன்னால இதே மாதிரி ஒண்ணு ஒட்டிக் காட்டணும்."

"நாளைக்கு என்ன காக்கா, இப்பவே ரெடி!" திரைப்பக்கம் திரும்பினார். "மர்யம், ஒரு ஒட்டாவது விட்டுச்சான்னு உம்மாகிட்ட கேளு. கல்யாணப் பேச்சு முடிஞ்சு போச்சுன்னும் சொல்லு."

"மர்யம், வாப்பாவை ஒட்டுல மூக்கை வச்சு மோந்து பாக்கச் சொல்லும்மா."

சொல்யூஷன் வாடை அவர் சட்டையில் இருக்கும், தலையணையில் இருக்கும், எங்கே இருந்தாலும் அவர் மூக்கு பிடித்துவிடும். ஒரு ஒட்டை மோந்தார். அடுத்ததை மோந்தார். மண்டியிட்டு அடிவரைக்கும் மோந்துகொண்டே போனார்.

"என்னவே மோந்துக்கிட்டு? அத்தரா பூசியிருக்கே?"

நான் திரைக்குக் கீழே அவர் கைப்பக்கமாக ஒரு பாட்டிலை உருட்டிவிட்டேன். மிச்சம் வந்த பாட்டில், கழுத்தில் அவருடைய சொல்யூஷன் மஞ்சளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. காக்கா பார்ப்பதற்குள் அதன்மேல் கைலியை விரித்து உட்கார்ந்துவிட்டார். என்ன ஒரு வேகம்!

"மர்யம்," என்றேன். "குர்லாவுக்கு எந்தப் பசை கொண்டு போகணும்னு உம்மாக்குத் தெரியும். ஆனா உங்க சாச்சி நினைப்பாவே இருக்கதால மறந்து மறந்து போகுது."

அவர் கைலியை இன்னும் கொஞ்சம் இழுத்து விரித்துக்கொண்டார். "காக்கா, குர்லாக்காரங்க கொஞ்சம் பொறுக்கணும். கொழுந்தியா கல்யாணம். குடும்பத்தோட போயிட்டு வந்துருதேன்."

"ஒட்டு விடலையேவே! பந்தயத்துல நீதான ஜெயிச்சே?"

"ஜெயிச்சவன்தான் காக்கா விட்டுக்கொடுக்கணும்."

காக்கா எழுந்து அவரைக் கட்டிக்கொண்டார். "நீ ஆம்பளவே!" திரைக்குப் பின்னால் நான் முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். பாட்டில்மேல் உட்கார்ந்துகொண்டு இப்படி ஒரு பேச்சு பேச வேறு யாருக்கு வரும்?

இன்று சாயங்காலம் எங்களுக்கு ரயில். காலையில் பார்த்தால் தகரப்பெட்டியின் கைப்பிடி கழன்று கிடந்தது. "டியூபைக் கொண்டா, உன் பசையையும் ஒரு கை பாக்கேன்" என்றார். கயிற்றால் கட்டிவிட்டுத் தொடாமல் விடச் சொன்னேன், ரயிலில் அது பாட்டுக்குக் காயட்டும் என்று. "அமுக்கிப் பிடிக்காம எந்த ஒட்டும் நிக்காது புள்ளா, நான் எத்தனை பை பாத்திருக்கேன்" என்று சொல்லி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். மூன்று தரம் டீ ஊற்றிக் கொடுத்துவிட்டேன், என் கையால், அவர் வாயில். அவ்வளவு பொறுமை. அவ்வளவு கவனம்.

"ஏ புள்ளா! இங்க வா! சத்தம் போடாம வா!"

"ஒட்டிட்டாங்க?"

"ஒட்டிட்டு... கை வர மாட்டேங்கு!"

இதோ ஓடுகிறேன். ஆனாலும் சொல்கிறேன், ஒட்டுகிற சங்கதியில் எங்க வீட்டுக்காரர் மாதிரி ஒரு ஆம்பளை இந்தத் தாராவியிலேயே...