பக்கம் வெட்டும் பிளேடு அண்ணன்

தலைப்பிள்ளைக்குக் காத்திருக்கும் தம்பதிகளை இந்த மாவட்டத்தில் அதிகம் நடுங்க வைத்தவர் யார் என்று ஒரு பட்டிமன்றம் நடத்தினால், நடுவருக்கு வேலையே இருக்காது. கூட்டமே எழுந்து பிளேடு அண்ணனின் பெயரைச் சொல்லிவிடும். இத்தனைக்கும் அவர் யாரையும் அதட்டியதில்லை. தேரடி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் புத்தகக் கடை வைத்திருக்கிறார். கர்ப்ப காலத்துக்கு நல்ல புத்தகம் எது என்று யாரைக் கேட்டாலும் அந்தச் சந்தைத்தான் கைகாட்டுவார்கள், கொஞ்சம் தயங்கிவிட்டு.

பெயரைக் கேட்டதும், வாயைத் திறந்தால் மூடாத மனிதர் என்று முடிவு கட்டினேன். கல்லூரி மேடைகளில் எதிரணியை நாற்காலியோடு சாய்த்தவள் நான். எனக்கு நிகரான இன்னொரு பிளேடு இந்த ஊரில் உண்டா, பார்த்துவிடலாம் என்று, வேங்கிக்கால் அலுவலகத்திலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த கணவரை இழுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மலை மேற்கே நிற்பதால் எங்கள் ஊரில் மாலை முன்னதாகவே வந்துவிடும். பெரிய வீதியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தபோதே சந்துக்குள் நிழல் இறங்கியிருந்தது. அந்த நிழலில், விளக்கும் போடாமல், அவர் உட்கார்ந்திருந்தார். நாங்கள் எதுவும் கேட்கவில்லை. என் வயிறும் வெளியே தெரியத் தொடங்கவில்லை. என் செருப்புச் சத்தத்துக்குக் காது கொடுத்தவர்போலத் தலையைச் சாய்த்து, "மொதல் கொழந்தையா?" என்றார். கணவர் என் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டார்.

தடித்த புத்தகம் ஒன்றை எடுத்தார். கூடவே இழுப்பறையிலிருந்து ஒரு சவர பிளேடும் வந்தது. பெயர்க்காரணம் அப்போதுதான் விளங்கிற்று. புத்தகத்தின் முதுகை ஒட்டி வைத்து, சர்ரென்று ஒரு பக்கத்தை அறுத்தார். அடுத்து இன்னொன்று. இரத்தப்போக்குப் பக்கம் விழுந்தது, குறைப்பிரசவப் பக்கம் விழுந்தது, அனைத்தையும் ஒரு தகரப் பெட்டிக்குள் போட்டு மூடினார். காற்றாடி ஓடாத அந்தக் கடையில், பெட்டிக்குள் ஏதோ சரசரத்தது.

அது என்ன சத்தம் என்று கணவர் மெல்லக் கேட்டார்.

"கெட்டதெல்லாம் உள்ள கெடக்குது சார். கிட்ட போவாதீங்க."

அவர் வெட்டிய பக்கத்தில் இருக்கும் ஆபத்து, அந்தப் புத்தகம் போகும் வீட்டுக்கு வராது என்பது சந்தின் நம்பிக்கை. நான் விடுவேனா? நூலை அறுப்பது அறிவை அறுப்பது, அறியாமை தாய்க்கு அரணாகாது, அச்சத்தை அறிவால் வெல்வதே அழகு என்று அடுக்கினேன். பெட்டிகூடச் சற்று அமைதியாகக் கேட்டது. கைதட்டத்தான் ஆளில்லை. அவர் வெட்டாத பிரதி ஒன்றை எடுத்து நீட்டினார்.

"முழு புக்கா? எடுத்துக்கம்மா. ஜாஸ்தி மட்டும் படிக்காத."

ஜாஸ்திதான் படித்தேன். காலையில் பாத வீக்கம் பற்றிப் படித்தால் மாலையில் செருப்பு நுழையவில்லை. அரிப்பு பற்றி வாசித்த அன்றே உள்ளங்கை அரித்தது. தந்தையருக்கும் குமட்டல் வரலாம் என்ற வரியைக் கணவர் படித்தார். மறுநாள் அலுவலகத்தில் அவருக்கு எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்து, எத்தனையாவது மாதம் என்று விசாரித்தார்களாம். சிரிப்பு அத்தோடு நின்றது. எந்தப் பக்கத்தை மூடினாலும் அது என் பின்னாலேயே அறைக்கு அறை நடந்து வந்தது. என் இரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போவதைப் பார்த்த மருத்துவர், இப்படியே போனால் பிள்ளைக்கு ஆகாது, மருத்துவமனையில் படுக்க வைக்க வேண்டியிருக்கும் என்று எச்சரித்தார்.

மறுபடியும் அந்தச் சந்துக்குப் போனோம். நாங்கள் படியேறும் முன்பே பிளேடு அவர் கையில் இருந்தது. வாதமின்றிப் புத்தகத்தை நீட்டினேன். பயமுறுத்திய பக்கங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஒரு பக்கத்தில் மட்டும் பிளேடு நின்றது. வயிற்றில் குழந்தையின் அசைவு குறைந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள் என்று சொல்லும் பக்கம் அது.

"அதையும் எடுத்துடுங்கண்ணா. அதுதான் எனக்கு ரொம்ப பயம்."

"இது இருக்கட்டும்மா." பெட்டியின் சரசரப்பு அடங்கிவிட்டது. "எங்க வீட்டம்மாவுக்கு இதையும் சேத்து வெட்டிட்டேன். கொழந்த அசையாம இருந்தப்ப, தூங்குதுன்னு நெனச்சிக்கிட்டா."

வீட்டுக்கு நடந்தே வந்தோம். கணவர் புத்தகத்தை இரு கைகளாலும் ஏந்தி வந்தார்.

முன்னும் பின்னும் பக்கங்கள் போய்விட்டதால், புத்தகம் எங்கே வைத்தாலும் அந்தப் பக்கத்திலேயே திறந்துகொள்ளும். மூடி, மேலே தண்ணீர்ச் செம்பை வைப்பேன். ஒன்பதாம் மாதத்தில் ஒரு பிற்பகல், உண்ட மயக்கத்திலிருந்து கண் விழித்தேன். செம்பு தரையில் கிடந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது. புத்தகம் திறந்திருந்தது. வயிற்றில் கை வைத்தேன். பிள்ளை தூங்குகிறது என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது.

ஆட்டோவில் போகும்போது கணவர் ஓட்டுநரிடம் வேகமாகப் போகும்படியும் மெதுவாகப் போகும்படியும் மாறி மாறிக் கெஞ்சினார். கழுத்தைச் சுற்றியிருந்த கொடியோடு, அறுவை செய்து மகளை வெளியே எடுத்தார்கள். வந்ததும் அழுதாள், அவையை அடக்கும் குரலில்.

அவளைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். பிளேடு அண்ணன் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் உள்ளங்காலில் ஒரு விரலை வைத்தார். அவள் உதைத்தாள். அவர் விரலை எடுக்கவில்லை, மறுபடியும் உதைத்தாள். வாசலில் ஓர் இளந்தம்பதி புத்தகம் வாங்கக் காத்திருந்தார்கள். கொஞ்சம் பொறுங்கள், அண்ணன் வேலையாக இருக்கிறார் என்று அவர்களிடம் சொன்னேன்.